தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி!

சிறையில் கவலையை வென்ற சகோதரிகளின் உண்மைக் கதை

கவலை இல்லாத மனிதன் உண்டா?

ஏழைக்கு நாளைய சோற்றைப் பற்றிக் கவலை. பணக்காரனுக்குச் சேர்த்த பணத்தைப் பற்றிக் கவலை. தாய்க்கு மகளின் கல்யாணக் கவலை. பையனுக்குப் பரீட்சைக் கவலை. நோயாளிக்கு, டாக்டர் என்ன சொல்வாரோ என்ற கவலை.

பகலில் வேலை இருக்கிறது. அதனால் கவலை சற்று ஒதுங்கி நிற்கும். இரவில் விளக்கை அணைத்ததும் அது மெல்ல வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். வந்துவிட்ட துன்பத்தைவிட, வரப்போகும் துன்பத்தைப் பற்றியே அதிகம் பேசும்.

இந்த நோய்க்கு என்ன மருந்து?

கிறிஸ்தவ சமயம் ஒரு மருந்து சொல்கிறது. நன்றியோடு செய்யும் ஜெபம்தான் அந்த மருந்து.

கேட்டால் வேடிக்கையாக இருக்கும். கஷ்டம் தீர்ந்த பிறகு நன்றி சொல்வதுதான் உலக வழக்கம். கஷ்டத்தின் நடுவில் நின்றுகொண்டு யாராவது நன்றி சொல்வார்களா?

சொன்னார்கள். உயிர் போகும் இடத்திலும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒரு குடும்பத்தின் கதையை இங்கே பார்ப்போம். அதற்கு முன்பு, இந்த மருந்தை எழுதிக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

சிறையில் பிறந்த கடிதம்

ஏசு நாதரின் கொள்கையை ஊர் ஊராகச் சென்று பரப்பியவர் பவுல். பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் இவர் பெயர் சின்னப்பர்.

இப்போதைய கிரீஸ் நாட்டின் வட பகுதியில் பிலிப்பி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே பவுலையும், அவருடைய தோழர் சீலாவையும் பிடித்தார்கள். பிரம்பால் அடித்தார்கள். சிறையின் உள்ளறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

நள்ளிரவு. முதுகெல்லாம் காயம். அசைய முடியாத கால்கள். காலையில் என்ன நடக்கும் என்று தெரியாது. அந்த நேரத்தில் இருவரும் ஜெபம் செய்து, கடவுளைப் போற்றிப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பைபிள் கூறுகிறது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பிலிப்பி ஊர் மக்களுக்குப் பவுல் ஒரு கடிதம் எழுதினார். அப்போதும் அவர் காவலில்தான் இருந்தார். எதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள்; வேண்டியதைக் கடவுளிடம் சொல்லுங்கள்; சொல்லும்போது நன்றியையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அப்போது கடவுள் தரும் அமைதி உங்கள் மனதைக் காவல் காக்கும். இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

"காவல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊருக்குப் போர்வீரர்கள் காவல் நிற்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அவர் பயன்படுத்தினார். தம்மைக் காவலில் வைத்திருந்தபோது, தம் மனதுக்கு வேறொரு காவல் இருக்கிறது என்றார் அவர்!

மெத்தையில் படுத்திருந்தவர் சொன்ன யோசனை அல்ல இது. விலங்கு பூட்டப்பட்டவர் சொன்னது. அதனால்தான் சுமார் 2,000 ஆண்டுகளாக, துன்பப்படுகிறவர்கள் இதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒரு குடும்பம், ஹாலந்து நாட்டில் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்த குடும்பம்.

கடிகாரக் கடை

ஹாலந்தில் ஹார்லெம் என்று ஒரு நகரம். அங்கே டென் பூம் குடும்பத்தார் 1837-ம் ஆண்டில் ஒரு கடிகாரக் கடை தொடங்கினார்கள். கீழே கடை. மேலே வீடு.

காஸ்பர் டென் பூம் அந்தக் குடும்பத்தின் பெரியவர். வெள்ளைத் தாடி வைத்த கடிகாரக்காரர். காலையிலும் இரவிலும் வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வைத்து பைபிள் வாசித்து ஜெபம் செய்வார்.

அவருக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். மூத்த மகள் பெட்சி. பிறந்தது முதல் உடல் நலம் இல்லாதவர். கடைசி மகள் கோரி. 1892-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனாரிடமே தொழில் கற்றார். 1922-ல் ஹாலந்து நாட்டிலேயே முதன் முதலாகக் கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற பெண் என்ற பெயரும் பெற்றார்.

பெட்சிக்கும் கோரிக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்காள் வீட்டைக் கவனித்தார். தங்கை கடையைக் கவனித்தார்.

ரெயில் டிக்கெட்டு

கோரி சிறுமியாக இருந்தபோது நடந்தது இது.

ஓர் ஏழை வீட்டில் குழந்தை இறந்துவிட்டது. துக்கம் விசாரிக்கத் தாயுடன் போன கோரி, அந்தக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பயந்துவிட்டாள். இதுபோல ஒருநாள் அப்பாவும் இறந்துபோவாரோ? இரவு சாப்பாடு இறங்கவில்லை. படுக்கையில் அழுதாள்.

காஸ்பர் வந்து அருகில் உட்கார்ந்தார். நாம் இருவரும் ஆம்ஸ்டர்டாம் போகும்போது, ரெயில் டிக்கெட்டை உன்னிடம் எப்போது கொடுப்பேன் என்று கேட்டார்.

ரெயிலில் ஏறுவதற்குச் சற்று முன்புதான் கொடுப்பீர்கள் என்றாள் கோரி.

கடவுளும் அப்படித்தான் என்று தகப்பனார் விளக்கினார். சாவைத் தாங்கும் பலம் இப்போது உனக்குத் தேவை இல்லை. அதனால் இப்போது இல்லை. தேவைப்படும் நேரத்தில் அது உன் கைக்கு வரும். முன்னதாக ஓடாதே என்றார்.

கவலை என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? நாளைய பயணத்தை இன்றே, டிக்கெட்டு இல்லாமல் செய்யப் பார்ப்பதுதான் கவலை.

இந்தப் பாடம் கோரிக்கு 50 வயதுக்கு மேல் தேவைப்பட்டது.

சுவருக்குப் பின்னால்

1940-ம் ஆண்டு மே மாதம் ஹிட்லரின் படைகள் ஹாலந்தைப் பிடித்துக்கொண்டன. யூதர்களை வேட்டையாடத் தொடங்கினார்கள். கைது செய்து ரெயிலில் ஏற்றி அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

யூதர்களுக்கு இடம் கொடுத்தால் கொடுத்தவருக்கும் சிறை. அது தெரிந்தும் காஸ்பர் கதவைத் திறந்தார். தேடி வந்தவர்களை ஏற்றுக்கொண்டார்.

மேல் மாடியில் கோரியின் படுக்கை அறையில் செங்கல்லால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பினார்கள். அதற்கும் உண்மையான சுவருக்கும் நடுவில் சிலர் நிற்கும் அளவுக்கு இடுக்கு இருந்தது. துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பலகைக் கதவு. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். ஆபத்து மணி அடித்ததும் ஓடி ஒளிவதற்கு அடிக்கடி ஒத்திகை நடந்தது.

இப்படி ஆயிரம் பயங்களுக்கு நடுவில் நாட்கள் ஓடின. குடும்ப ஜெபம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். போலீசார் வீட்டுக்குள் புகுந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த கோரியை எழுப்பி அடித்தார்கள். பெட்சியையும் அடித்தார்கள். வீட்டில் இருந்தவர்களையும், அன்று வந்து போனவர்களையும் சேர்த்துச் சுமார் 30 பேரைக் கைது செய்தார்கள்.

ஆனால் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஆறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சுவர்களைத் தட்டிப் பார்த்தும் போலீசாரால் கண்டுபிடிக்க முடியவில்லை!

அப்பாவின் பதில்

காஸ்பருக்கு அப்போது 84 வயது. கிழவர் ஆயிற்றே என்று ஓர் அதிகாரி இரங்கினார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

இன்று நான் வீட்டுக்குப் போனால், உதவி தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் நாளைக்குக் கதவைத் திறப்பேன் என்று காஸ்பர் பதில் சொன்னார்.

அவரையும் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் அவர் உயிர் பிரிந்தது. மகள்கள் அருகில் இல்லை.

கோரியைத் தனி அறையில் பூட்டி வைத்தார்கள். பேச ஆள் இல்லை. தரையில் ஊர்ந்த எறும்புகள்தான் துணை. தன் ரொட்டியில் கொஞ்சம் கிள்ளி அவற்றுக்குப் போடுவார். அப்பா என்ன ஆனார்? சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேர் என்ன ஆனார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் அவரை அரித்தன.

ஒருநாள் இன்னொரு சகோதரி நோலியிடம் இருந்து கடிதம் வந்தது. தகப்பனார் இறந்த செய்தி அதில் இருந்தது. கோரி அழுதார். பிறகு உறையைப் பார்த்தார். முகவரி எழுதிய கோடு, தபால் தலையைச் சுட்டிக்காட்டுவது போலச் சாய்ந்திருந்தது. தலையை நனைத்து மெதுவாக உரித்தார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அலமாரியில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் பத்திரம் என்பது அதன் பொருள்.

கடிகாரங்கள் என்றால் ஒளிந்திருந்த மனிதர்கள். ஆறு பேரும் தப்பிவிட்டார்கள்!

ஒரே கடிதத்தில் பெரும் துக்கம், பெரும் ஆறுதல். அழுகையும் நன்றியும் ஒரே கண்ணீரில் வரும் என்று கோரிக்கு அன்று தெரிந்தது.

28-வது கொட்டடி

1944 செப்டம்பரில் சகோதரிகள் இருவரையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். மாட்டை அடைப்பது போலச் சரக்கு ரெயில் பெட்டியில் அடைத்துப் பயணம். போய்ச் சேர்ந்த இடம் ராவன்ஸ்புரூக்.

ராவன்ஸ்புரூக் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட வதை முகாம். 1939 முதல் 1945 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். பசியாலும் நோயாலும் அடியாலும் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். பலரைக் கொன்றார்கள்.

உள்ளே நுழையும்போது எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். கோரி ஒரு சிறு பைபிளை உடைக்குள் மறைத்துக்கொண்டார். முன்னால் நின்றவளைச் சோதித்தார்கள். பின்னால் நின்ற பெட்சியைச் சோதித்தார்கள். கோரியை விட்டுவிட்டார்கள்!

அவர்களுக்குக் கிடைத்தது 28-வது கொட்டடி. 400 பேருக்காகக் கட்டிய அந்தக் கொட்டடியில் 1,400 பேரை அடைத்திருந்தார்கள் என்று கோரி பின்னர் எழுதினார். அடுக்கு அடுக்காகப் பலகைகள். அழுகிய வைக்கோல். நாற்றம். நெருக்கிக்கொண்டு படுக்க வேண்டும்.

கோரி படுத்ததும் துள்ளி எழுந்தார். காலில் சுரீர் என்று கடி! பார்த்தால் தெள்ளுப்பூச்சிகள். வைக்கோல் முழுவதும் தெள்ளுப்பூச்சிகள்.

இந்த இடத்தில் எப்படி உயிர் வாழ்வது என்று கோரி கலங்கினார்.

பெட்சி கலங்கவில்லை. எப்படி என்று கடவுளையே கேட்போம் என்றார். அன்று காலை படித்த பகுதியை நினைவூட்டினார். அதுவும் பவுல் எழுதிய ஒரு கடிதம். தெசலோனிக்கே ஊர் மக்களுக்கு எழுதியது. எல்லா நிலையிலும் நன்றி சொல்லுங்கள் என்பது அதன் பொருள்.

எதற்கு நன்றி சொல்வது என்று கோரி கேட்டார். பெட்சி ஒவ்வொன்றாக எண்ணினார்.

நாம் இருவரும் பிரியாமல் இருக்கிறோமே, அதற்கு நன்றி. பைபிள் கையில் இருக்கிறதே, அதற்கு நன்றி. கொட்டடியில் கூட்டம் நெருக்குகிறதே, அதற்கும் நன்றி. நல்ல வார்த்தையை இன்னும் அதிகம் பேர் கேட்பார்கள் அல்லவா?

கோரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி என்றார் பெட்சி!

கோரிக்கு அது பொறுக்கவில்லை. கடவுளே சொன்னாலும் என்னால் பூச்சிக்கு நன்றி சொல்ல முடியாது என்று நினைத்தார். இந்த முறை பெட்சி சொன்னது தப்பு என்றே முடிவு செய்தார். ஆனாலும் அக்காளோடு சேர்ந்து ஜெபம் செய்தார்.

பூச்சிகள் செய்த உதவி

நாட்கள் சென்றன. பகல் முழுவதும் கடுமையான வேலை. இரவு, மங்கலான விளக்கின் அடியில் சகோதரிகள் பைபிளைத் திறப்பார்கள். ஹாலந்து மொழியில் உள்ளதை ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். அதைக் கேட்ட ஒருத்தி பிரெஞ்சில் சொல்வாள். இன்னொருத்தி போலந்து மொழியில் சொல்வாள். பிறகு ரஷிய மொழி, செக் மொழி என்று வார்த்தை பலகைக்குப் பலகை தாவிப் போகும்.

முதலில் பயந்து பயந்து நடத்தினார்கள். பைபிள் வைத்திருப்பது தெரிந்தால் கடும் தண்டனை. ஆனால் காவல்காரிகள் ஒருவரும் அந்தப் படுக்கை அறைக்குள் வரவில்லை. முகாம் முழுவதும் கண்காணிப்பு. இங்கே மட்டும் இல்லை. காரணம் என்ன?

ஒருநாள் பெட்சிக்குத் தெரிந்தது. உடல் தளர்ந்த பெண்களைக் கொட்டடியிலேயே உட்கார வைத்துக் காலுறை பின்னச் சொல்லியிருந்தார்கள். அளவில் ஒரு சந்தேகம். உள்ளே வந்து பார்க்கும்படி மேற்பார்வைக்காரியை அழைத்தார்கள். அவள் வாசற்படி தாண்ட மறுத்துவிட்டாள். அங்கே தெள்ளுப்பூச்சி இருக்கிறதாம்!

கடித்துத் தின்ற பூச்சிகள்தான் அவர்களுக்குக் காவல் நின்றிருக்கின்றன. பெட்சி சொன்ன நன்றி கோரிக்கு அப்போதுதான் புரிந்தது.

கதவு திறந்ததா?

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் சுகமாக இருக்கும். முடியவில்லை.

பெட்சியின் உடல் நாளுக்கு நாள் தேய்ந்தது. 1944-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி அவர் முகாம் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 59.

அந்த மாதக் கடைசியில் கோரியை விடுதலை செய்தார்கள். காகிதத்தில் நேர்ந்த ஒரு குமாஸ்தா பிழையால்தான் விடுதலை கிடைத்தது என்று அவருக்குப் பின்னர் தெரிந்தது.

பெட்சி ஜெபம் செய்யவில்லையா? நன்றி சொல்லவில்லையா? ஏன் இறந்தார்?

எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. நன்றியோடு ஜெபித்தால் நோய் தீரும், கடன் அடையும், சிறைக் கதவு திறக்கும் என்று பேரம் பேசுவது கிறிஸ்தவ சமயத்தின் போதனை அல்ல. பவுலின் கடிதத்திலும் அப்படி வாக்குறுதி இல்லை. மனதுக்கு அமைதி காவல் நிற்கும் என்றுதான் இருக்கிறது.

அந்தக் காவல் பெட்சிக்குக் கடைசிவரை இருந்தது. விடுதலைக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே அவர் பேசிக்கொண்டிருந்தார். போரில் நொறுங்கிப்போனவர்கள் தங்கி ஆறுதல் அடைய ஒரு பெரிய வீடு வேண்டும். தோட்டம் வேண்டும் என்று தங்கையிடம் சொன்னார்.

கோரி அதைச் செய்து முடித்தார். யுத்தம் முடிந்ததும் ஹாலந்தில் அத்தகைய ஓர் இல்லம் அமைத்தார். பிறகு 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று பேசினார். 1971-ல் தம் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். 1983-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி, தமது 91-வது பிறந்த நாளில், அமெரிக்காவில் காலமானார். ஹார்லெமில் உள்ள பழைய வீடு 1988-ல் காட்சிசாலை ஆயிற்று. அந்தப் பொய்ச்சுவரை இன்றும் பார்க்கலாம்.

ஏசு நாதரும் கலங்கினார்

கவலைப்படுகிறவன் பக்தி இல்லாதவன் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு ஏசு நாதர் சீடர்களோடு கடைசியாக உணவு உண்டார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் அதே பந்தியில் இருப்பது அவருக்குத் தெரியும். அப்போதும் அவர் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி சொன்னார். அதன் பிறகு கெத்சமனே தோட்டத்துக்குப் போனார். அங்கே மனம் கலங்கி, வியர்வை சொட்ட ஜெபம் செய்தார்.

ஒரே இரவில் நன்றியும் உண்டு, கலக்கமும் உண்டு. ஆகவே மனம் கலங்குவது பாவம் அல்ல. கலங்கிய மனதை யாரிடம் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கொள்ளை நோயில் ஒரு பாதிரியார்

டென் பூம் சகோதரிகளுக்கு 300 ஆண்டுகள் முன்பு, ஜெர்மனியில் இதே வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். எய்லன்பர்க் என்ற ஊரின் பாதிரியார்.

அது "முப்பது ஆண்டு யுத்தம்" நடந்த காலம். சுற்று வட்டாரத்து மக்கள் உயிருக்குப் பயந்து அந்தக் கோட்டை ஊருக்குள் வந்து குவிந்தார்கள். 1637-ல் கொள்ளை நோய் பரவியது. மற்றப் பாதிரியார்கள் இறந்தார்கள். அல்லது ஊரை விட்டுப் போனார்கள். ரிங்கார்ட் மட்டும் நின்றார். அந்த ஆண்டில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். சில நாட்களில் 40, 50 பேரைப் புதைக்க வேண்டி வந்தது. அவருடைய மனைவியும் அந்த நோயில் இறந்தார்.

அந்தக் கொடிய யுத்த காலத்தில் ரிங்கார்ட் பாதிரியார் ஒரு பாட்டு எழுதினார். என்ன பாட்டு? கடவுளுக்கு நன்றி சொல்லும் பாட்டு! சாப்பாட்டு வேளையில் குடும்பமாகச் சொல்லும் ஜெபமாக அதை எழுதினார். இன்றும் உலகத்தின் பல மொழிகளில் அதைப் பாடுகிறார்கள்.

பாட்டில் பிணங்களின் பேச்சே இல்லை. தாய் மடியில் இருந்த நாள் முதல் கிடைத்த நன்மைகளின் பேச்சுதான் இருக்கிறது. அவருக்குத் துயரம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

நன்றி செய்யும் வேலை

நன்றி எப்படிக் கவலையை விரட்டுகிறது?

கவலையின் கண் நாளையைப் பார்க்கிறது, இல்லாததை எண்ணுகிறது. நன்றியின் கண் இன்றைப் பார்க்கிறது, இருப்பதை எண்ணுகிறது. ஒரே கண்ணால் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது.

இரண்டாவது, கவலை மனிதனைத் தன்னைச் சுற்றியே சுழல வைக்கிறது. நன்றி அடுத்தவனைப் பார்க்க வைக்கிறது. பெட்சி பூச்சிக் கடியை எண்ணிக்கொண்டிருந்தால், பக்கத்துப் பலகையில் அழுதவளைப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாவது, நன்றி என்றால் அதை ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். நன்றி சொன்ன உடனே, நான் தனியாக இல்லை என்று மனம் உணர்கிறது. பயத்தில் பாதி, தனிமைதானே?

மனநூல் அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எமன்ஸ், மெக்கல்லோ என்ற இரு பேராசிரியர்கள் 2003-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் வாரந்தோறும் நன்றிக்கு உரிய ஐந்து காரியங்கள் வரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். 10 வாரம் இப்படி நடந்தது. நன்றியை எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தி அதிகம் இருந்தது. அடுத்த வாரத்தைப் பற்றி நம்பிக்கையும் அதிகம் இருந்தது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இரவு குடும்ப ஜெபம் பழைய வழக்கம். "ஸ்தோத்திரம்" என்ற சொல் அங்கே அடிக்கடி கேட்கும். டிசம்பர் 31-ந்தேதி இரவு கோவிலில் கூடி, முடிந்த ஆண்டுக்காக நன்றி சொல்கிறார்கள். அந்த ஆண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அந்தக் கூட்டத்தில் முழங்காலில் நிற்பாள். அவள் சொல்லும் நன்றிதான் விலை உயர்ந்த நன்றி.

கவலையில் தவிப்பவர்கள் இன்று இரவே தொடங்கலாம்.

முதலில், பயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். கடன் என்றால் கடன். நோய் என்றால் நோய். கடவுளுக்கு முன்னால் பூசி மெழுகத் தேவை இல்லை.

அடுத்து, இன்று கையில் இருக்கும் மூன்று காரியங்களுக்கு நன்றி சொல்லுங்கள். பெரிதாகத் தேட வேண்டாம். சூடான கஞ்சியாக இருக்கலாம். பிள்ளையின் சிரிப்பாக இருக்கலாம். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளாக இருக்கலாம். முதல் நாள் உதட்டால் மட்டும் வரும். பரவாயில்லை. கோரிக்கும் அப்படித்தான் வந்தது.

மூன்றாவதாக, நாளைக்குச் செய்ய வேண்டியதில் முதல் வேலை எதுவோ அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. பல நாள் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அது பக்திக் குறைவு அல்ல. பவுலோடு பயணம் செய்த லூக்காவே ஒரு வைத்தியர்தான். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

கஷ்டம் இன்றைக்கே தீராமல் போகலாம். பூச்சி கடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் நன்றி சொல்லத் தெரிந்தவன் கையில் அன்றன்றைக்கு வேண்டிய பலம் அன்றன்றைக்கு வந்து சேரும். இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, கோரி டென் பூம். 28-வது கொட்டடியில் வாழ்ந்து பார்த்துச் சொன்னார்.